ரூபாயின் மீள்வும் ஃபிபோனாச்சி விகிதங்களும்: குமரி மாவட்டச் செலாவணிப் பின்புலத்தில் ஒரு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

நாணய வணிகத்தில் ஈடுபடுவோர் ஃபிபோனாச்சி எண்வரிசையிலிருந்து பெறப்படும் 38.2, 61.8 முதலிய விழுக்காடுகளைக் கொண்டு, ஒரு நாணயத்தின் விலை எவ்விடத்தில் திரும்பும் எனக் கணிக்க முயல்கின்றனர். இம்முறையின் கணித அடிப்படையை விளக்கி, 2013-ஆம் ஆண்டில் இந்திய ரூபாய் கண்ட வீழ்ச்சியிலும் மீட்சியிலும் அதனைப் பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரை. அளவீட்டைத் தொடங்கும் புள்ளியை மாற்றினால் முடிவும் மாறிவிடுகிறது என்பதும், வளைகுடா வருவாயையும் முந்திரி இறக்குமதியையும் சார்ந்துள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் இம்முறைக்குரிய இடம் மிகக் குறுகியது என்பதும் இங்குக் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஃபிபோனாச்சி, மீள்வு நிலை, ரூபாய், திர்ஹாம், செலாவணி, திருவிதாங்கூர் சக்கரம், மாத்திரை, முந்திரி.

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் டாலரின் விலை பலருடைய வீட்டுக் கணக்கோடு தொடர்புடையது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இயங்கும் முந்திரி ஆலைகள் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டையை இறக்குமதி செய்து பருப்பாக்கி விற்கின்றன. கொட்டைக்குரிய விலை டாலரில் செலுத்தப்படுகிறது. கடற்கரை ஊர்களிலிருந்தும் உள்நாட்டு ஊர்களிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் திர்ஹாமிலும் ரியாலிலும் ஈட்டி ரூபாயில் அனுப்புகின்றனர். ஆகவே டாலர் ஏறினால் முந்திரி ஆலைக்காரர் கவலையுறுவதும் வளைகுடாவிலிருந்து பணம் பெறும் குடும்பம் மகிழ்வதும் ஒரே தெருவில் நிகழக்கூடியவை.

அண்மை ஆண்டுகளில் மூன்றாம் தரப்பினர் ஒருவரும் இவர்களோடு சேர்ந்துள்ளார். கைப்பேசிச் செயலி வழியே நாணய வணிகம் செய்ய முனையும் இளைஞர் அவர். பயிற்சி வகுப்பு என்ற பெயரிலும் காணொலி வடிவிலும் அவருக்குக் கற்பிக்கப்படும் முதற்பாடங்களுள் ஒன்று 'ஃபிபோனாச்சி ரிட்ரேஸ்மென்ட்' என்னும் கோடிடும் முறை. இயற்கையின் விதி என்றும், பூவிதழிலும் சங்கிலும் காணப்படும் விகிதம் என்றும் அறிமுகம் செய்யப்படுவதால், கற்பவருக்கு அதன்மீது ஒரு பக்தியே உண்டாகிவிடுகிறது. வளைகுடாவில் ஈட்டிய சேமிப்பு அந்தப் பக்தியின் வழியே கரையக்கூடும் என்பதால், இதனைக் கணிதமாகவும் வரலாறாகவும் ஆராய்வது தேவையாகிறது. இக்கட்டுரையில் ரிட்ரேஸ்மென்ட் என்பதற்கு 'மீள்வு' என்னும் சொல் ஆளப்படுகிறது.

எண்வரிசையும் மாத்திரைக் கணக்கும்

1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55, 89, 144 எனச் செல்லும் வரிசையில் ஒவ்வோர் எண்ணும் தனக்கு முந்திய இரண்டின் கூட்டுத்தொகை. பீசா நகரத்து லியோனார்டோ என்னும் ஃபிபோனாச்சி 1202-இல் எழுதிய 'லிபர் அபாச்சி' என்னும் நூலில் முயல்களின் பெருக்கம் பற்றிய ஒரு கணக்காக இது இடம்பெற்றது. ஃபிபோனாச்சி வரிசை என்னும் பெயர், பிரெஞ்சுக் கணிதவியலாளர் எத்துவார் லூக்கா 19-ஆம் நூற்றாண்டில் வழங்கியதாகும்.

இந்தியாவில் இவ்வரிசை இதனினும் முற்பட்டது. பிங்கலரின் யாப்பு மரபைத் தொடர்ந்த விரகாங்கர், கோபாலர், ஹேமச்சந்திரர் ஆகியோர், குறில் ஒரு மாத்திரை, நெடில் இரு மாத்திரை எனக் கொண்டு, குறிப்பிட்ட மாத்திரை அளவுள்ள அடியை எத்தனை வகையாக அமைக்கலாம் என்று எண்ணினர். ஹேமச்சந்திரர் இதனை எழுதியது ஃபிபோனாச்சிக்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு.

கணக்கு எளியது. நான்கு மாத்திரைகளைக் குறிலாலும் நெடிலாலும் நிரப்ப ஐந்து வழிகள் உண்டு: நான்கு குறில், நெடில் குறில் குறில், குறில் நெடில் குறில், குறில் குறில் நெடில், இரண்டு நெடில். மூன்று மாத்திரைக்கு மூன்று வழிகள், ஐந்து மாத்திரைக்கு எட்டு வழிகள். ஐந்து மாத்திரை அடி குறிலில் முடிந்தால் எஞ்சியது நான்கு மாத்திரை (5 வழிகள்), நெடிலில் முடிந்தால் எஞ்சியது மூன்று மாத்திரை (3 வழிகள்), ஆக எட்டு. முந்திய இரண்டைக் கூட்டும் விதி இவ்வாறு தானாகவே தோன்றுகிறது.

குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் என மாத்திரை வகுத்தல் தொல்காப்பியத்திலும் உண்டு. அந்நூல் அரங்கேறியபோது கேட்டவராகப் பாயிரம் குறிப்பிடும் அதங்கோட்டாசானின் ஊரை, விளவங்கோடு வட்டத்து அதங்கோடு எனக் கொள்ளும் மரபும் இம்மாவட்டத்தார் நன்கறிந்தது. எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. தமிழ் யாப்பு அசையையும் சீரையும் கொண்டு அடியை அளப்பது. மாத்திரைத் தொகைக்கு வகைகளை எண்ணும் முயற்சி வடமொழி, பிராகிருத யாப்பு நூலார்க்கு உரியது. ஃபிபோனாச்சியைத் தமிழர் கண்டனர் என்னும் கூற்று அவ்வப்போது காதில் விழுவதால் இதனைச் சொல்ல வேண்டியுள்ளது. நம் கருத்துக்கு இன்றியமையாதது வேறொன்று: இவ்வரிசை எண்ணிக்கை பற்றிய கணிதத்தில் பிறந்ததே தவிர, விலை பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மீள்வு நிலைகளைக் கணிக்கும் முறை

வரிசையில் ஓரெண்ணை அதற்கு அடுத்த எண்ணால் வகுத்தால் 0.618-ஐ நெருங்கும்: 89-ஐ 144-ஆல் வகுத்தால் 0.6181. ஓரெண் தள்ளி வகுத்தால் 0.382 (55/144), ஈரெண் தள்ளி வகுத்தால் 0.236 (34/144). 0.618-இன் வர்க்கமூலம் 0.786. இவற்றையே வணிகர் 23.6, 38.2, 61.8, 78.6 விழுக்காடு எனக் கொள்கின்றனர். இவற்றோடு 50 விழுக்காட்டையும் சேர்ப்பர். அரைப் பங்கு மீள்வு என்பது சார்லஸ் டோவின் கருத்துகளிலிருந்து வளர்ந்த பழைய பங்குச் சந்தை வழக்கு. மீள்வுக் கோடுகளிடையே அது ஒட்டுறவு போல வந்து அமர்ந்துகொண்டது.

சந்தை விலைகளை இவ்வெண்களோடு இணைத்தவர் அமெரிக்கரான ரால்ஃப் நெல்சன் எலியட். விலை அலைகளாக நகர்கிறது என்னும் அவரது கொள்கை 1938-இல் நூலாக வெளிவந்தது. ஃபிபோனாச்சி வரிசையே அதன் அடித்தளம் என்பதை 1946-இல் வெளியான மற்றொரு நூலில் அவர் விரித்துரைத்தார்.

செய்முறை இதுவே. ஒரு விலை தாழ்புள்ளியிலிருந்து உயர்புள்ளிக்கு ஏறியுள்ளது எனில், இரண்டின் வேறுபாட்டைக் கண்டு, அதன் 38.2 விழுக்காட்டை உயர்புள்ளியிலிருந்து கழித்தால் முதன்மையான மீள்வு நிலை கிடைக்கும். டாலர் 80 ரூபாயிலிருந்து 84-க்கு ஏறியதாகக் கொண்டால் வேறுபாடு 4 ரூபாய். 38.2 விழுக்காட்டு நிலை 82.47, 50 விழுக்காட்டு நிலை 82.00, 61.8 விழுக்காட்டு நிலை 81.53. இறங்கிவரும் விலை இவற்றுள் ஒன்றில் தாங்கி நின்று மீண்டும் ஏறும் என்பது எதிர்பார்ப்பு. அந்நிலையில் வாங்கி, அடுத்த நிலைக்குச் சற்றுக் கீழே ஸ்டாப் லாஸ் என்னும் இழப்பு நிறுத்த ஆணையை இடுவது நடைமுறை.

கணக்கில் ஐயத்திற்கு இடமில்லை. தாழ்புள்ளி எது, உயர்புள்ளி எது என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினாவே இடர் தருவது. அதனை ஆராயுமுன், எவ்வகைச் செலாவணிக்கு மீள்வு என்னும் கருத்தே பொருந்தும் எனத் தெளிதல் வேண்டும்.

நிலைத்த மாற்றும் மிதக்கும் மாற்றும்

திருவிதாங்கூர் நாணயம் வழங்கிய காலத்தில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களாகிய நாஞ்சில் நாட்டு வணிகருக்கு நாணயமாற்று அன்றாடச் செய்தி. ஆரல்வாய்மொழியைக் கடந்தால் திருநெல்வேலிச் சீமையின் பிரிட்டிஷ் இந்திய ரூபாய். இப்பால் சக்கரமும் பணமும் காசும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அதாவது சர்க்கார் ரூபாய் 28 சக்கரம் அல்லது 448 காசு. பிரிட்டிஷ் ரூபாய்க்கோ 28½ சக்கரம் அல்லது 456 காசு. எட்டுக் காசு வேறுபாடு ஆண்டுதோறும் மாறாமல் நின்றது. இத்தகைய விகிதத்தில் உயர்புள்ளியும் இல்லை, தாழ்புள்ளியும் இல்லை. ஆதலின் மீள்வும் இல்லை.

வளைகுடா நாணயங்களின் நிலையும் ஏறத்தாழ இதுவே என்பதைப் பலரும் கருத்திற்கொள்வதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 எனக் கட்டப்பட்டுள்ளது. சவூதி ரியால் 1986 முதல் டாலருக்கு 3.75. ஆகவே திர்ஹாமின் ரூபாய் விலை என்பது டாலரின் ரூபாய் விலையை 3.6725-ஆல் வகுத்துப் பெறுவதே. துபாயில் இருப்பவர் பார்க்கும் ஏற்றஇறக்கம் முழுவதும் ரூபாயினுடையது. திர்ஹாமுக்கென்று தனியே கோடிட்டுக் காட்டும் பயிற்சியாளர், டாலர் வரைபடத்தை வேறோர் எண்ணால் வகுத்துக் காட்டுகிறார் என்பதே உண்மை.

ரூபாயும் நெடுங்காலம் கட்டப்பட்டே இருந்தது. 1966 ஜூனில் டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50 ஆகவும், 1991 ஜூலையில் இரு படிகளாகவும் அரசு அதன் மதிப்பைக் குறைத்தது. 1993 மார்ச்சு முதலே சந்தை தீர்மானிக்கும் விகிதம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னும் ரிசர்வ் வங்கி தேவையுறும்போது டாலரை விற்றும் வாங்கியும் ஏற்றஇறக்கத்தைத் தணித்து வருகிறது. எடுத்துக்காட்டாக 2023-ஆம் ஆண்டு முழுவதும் டாலர் ஏறத்தாழ 81 ரூபாய்க்கும் 83.5 ரூபாய்க்கும் இடையிலேயே நின்றது. ஓராண்டு அலைவே இரண்டரை ரூபாய் எனில், அதற்குள் எழும் சிற்றலைகளின் மீள்வு பைசாக் கணக்காகச் சுருங்கிவிடும். தரகும் வாங்கல்-விற்றல் வேறுபாடும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிடும். யூரோ, யென் ஆகியவற்றின் வரைபடங்களைக் கொண்டு எழுதப்பட்ட பாடநூல்களை ரூபாய்க்கு அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாமைக்கு இது ஒரு காரணம்.

2013: ஒரு சோதனை

ரூபாய் பெரிதும் அலைந்த காலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2013 மே 22 அன்று அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, கடன் பத்திரக் கொள்முதலைக் குறைக்கும் வாய்ப்புப் பற்றி அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின்முன் பேசினார். அயல்நாட்டு முதலீடு வளரும் நாடுகளிலிருந்து வெளியேறியது. 2012-13-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.8 விழுக்காடு நடப்புக் கணக்குப் பற்றாக்குறை கொண்டிருந்த இந்தியா கடுமையாகத் தாக்குண்டது. மே தொடக்கத்தில் 54 ரூபாயை ஒட்டியிருந்த டாலர், ஆகஸ்டு 28 அன்று சந்தை நேரத்தினிடையே 68.85-ஐத் தொட்டது. ஆயிரம் திர்ஹாம் அனுப்பியவருக்கு மே மாதத்தில் ஏறத்தாழ 14,700 ரூபாய். ஆகஸ்டு இறுதியில் 18,750 ரூபாய்.

அதன்பின் விலை இறங்கியது. அக்டோபரில் 61-ஐ ஒட்டி ஒரு முறை தங்கி, நவம்பரில் சற்றே ஏறி, 2014 மே மாதத்தில், பொதுத்தேர்தல் முடிவை ஒட்டி, 58.4 அளவுக்கு வந்தது. மீள்வு நிலைகளைச் சோதிக்க இரு திருப்புமுனைகள் கிடைக்கின்றன: 61, 58.4. உயர்புள்ளி 68.85 என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. தாழ்புள்ளியாகக் கொள்ளத்தக்கவை மூன்று உண்டு. முழு ரூபாய்க்குச் சரிசெய்து கூறினால், 2013 மே மாதத்து 54. 2012 பிப்ரவரி மாதத்து 49. 2011 ஜூலை இறுதியில் இருந்த 44.

54-இலிருந்து தொடங்கினால் வேறுபாடு 14.85. 38.2 விழுக்காட்டு நிலை 63.18, 50 விழுக்காட்டு நிலை 61.43, 61.8 விழுக்காட்டு நிலை 59.67, 78.6 விழுக்காட்டு நிலை 57.18. அக்டோபரின் 61 அரைப்பங்கு நிலைக்கு அருகில் விழுகிறது (மீள்வு 53 விழுக்காடு). ஃபிபோனாச்சிக்கு உரியதல்லாத அந்த 50 இங்கே பலித்தது என்பது சுவையானது. ஆனால் 2014 மே மாதத்தின் 58.4 (மீள்வு 70 விழுக்காடு) எந்த நிலைக்கும் அருகில் இல்லை.

49-இலிருந்து தொடங்கினால் வேறுபாடு 19.85. 38.2 விழுக்காட்டு நிலை 61.27, 50 விழுக்காட்டு நிலை 58.93. இரு திருப்புமுனைகளும் கோட்டருகே வந்துவிடுகின்றன. பயிற்சி வகுப்பில் காட்டுவதற்கு இதைவிட அழகிய வரைபடம் கிடைக்காது.

44-இலிருந்து தொடங்கினால் வேறுபாடு 24.85. 23.6 விழுக்காட்டு நிலை 62.99, 38.2 விழுக்காட்டு நிலை 59.36. இப்போது 61 நடுவெளியில் நிற்கிறது (மீள்வு 32 விழுக்காடு), 58.4-ம் கோட்டிலிருந்து ஒரு ரூபாய் விலகி நிற்கிறது.

மூன்று தொடக்கங்களும் வரைபடத்தில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிபவை. மூன்றுக்கும் நியாயம் கூறலாம். ஒன்றில் பாதி பலித்தது, ஒன்றில் முழுதும் பலித்தது, ஒன்றில் பலிக்கவில்லை. 2014 மே முடிந்தபின் பார்ப்பவர் 49-ஐத் தேர்ந்தெடுப்பார். 2013 செப்டம்பரில் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு அத்தேர்வைச் செய்ய எந்தச் சான்றும் இல்லை.

ஐந்து நிலைகளுக்கும் இருபுறம் மும்மூன்று விழுக்காடு இடம் கொடுத்து 'அருகில்' என ஏற்பதாகக் கொள்வோம். நூறில் முப்பது பங்கு நீளம் கோட்டின் வரம்புக்குள் வந்துவிடுகிறது. ஐந்தைந்து விழுக்காடு இடம் கொடுத்தால் சரிபாதி. எவ்விதக் காரணமுமின்றி எங்கோ ஓரிடத்தில் திரும்பும் விலைகூட இரண்டில் ஒரு முறை 'ஃபிபோனாச்சி நிலையில்' திரும்பியதாகத் தோன்றும். இன்னும் இரு தொடக்கப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டால் தப்பும் வழியே இராது. 2018-இல் டாலர் 63.3-இலிருந்து 74.4-க்கு ஏறி, 2019 முற்பகுதியில் 68.5-ஐ ஒட்டித் திரும்பியதும் இவ்வகையே. மீள்வு 53 விழுக்காடு. அதனை 50 என்பார் உளர், 61.8-ஐ எட்டாமல் நின்றது என்பாரும் உளர்.

ரூபாயைத் திருப்பியவை

2013 ஆகஸ்டு 28 அன்றே எண்ணெய் நிறுவனங்களின் டாலர் தேவையைச் சந்தைக்கு வெளியே நிறைவு செய்யும் தனிச் சாளரத்தை ரிசர்வ் வங்கி அறிவித்தது. செப்டம்பர் 4 அன்று ஆளுநராகப் பொறுப்பேற்ற ரகுராம் ராஜன், அயல்நாடு வாழ் இந்தியரின் எஃப்.சி.என்.ஆர். (பி) வைப்புகளாக வங்கிகள் திரட்டும் டாலரை ஆண்டுக்கு 3.5 விழுக்காடு நிலைத்த செலவில் மாற்றித் தரும் திட்டத்தை அறிவித்தார். செப்டம்பர் 18 அன்று அமெரிக்க மத்திய வங்கி கொள்முதல் குறைப்பை ஒத்திவைத்தது. நவம்பர் இறுதிக்குள் வங்கிகளின் அயல்நாட்டுக் கடனையும் சேர்த்து ஏறத்தாழ 3,400 கோடி டாலர் வந்தது. அதில் ஏறத்தாழ 2,600 கோடி அயல்நாடு வாழ் இந்தியரின் வைப்பு.

இப்பணம் முழுவதையும் உழைப்பாளிகளின் சேமிப்பு எனக் கருதலாகாது. வசதி படைத்தோர் அயல்நாட்டு வங்கிகளில் கடன் பெற்று வைப்பிட்டது அந்நாளிலேயே பேசப்பட்ட செய்தி. எனினும் அக்டோபரில் டாலர் 61-க்கு வந்ததற்குக் காரணம் தேடுவோர் இந்த வரவிலிருந்தே தொடங்க வேண்டும். 61.43 என்ற கோடு இத்திட்டங்களை அறியாது. திட்டங்கள் அறிவிக்கப்படாதிருந்தால் அக்கோடு அங்கேயே இருந்திருக்கும். விலை அங்கு வந்திருக்குமா என்பதே ஐயம்.

ஆகஸ்டு உச்சத்தில் மாற்றத் தவறி, 'மீண்டும் 68-க்கு வரும்' எனத் திர்ஹாமைச் சேமித்து வைத்தவரின் கதையையும் இங்கு நினைத்தல் தகும். டாலர் அவ்வுச்சத்தைச் சிறிதளவில் தாண்டியது 2016 நவம்பர் 24 அன்று. மூன்றாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு அது. இடையில் வீட்டு வேலைக்கும் திருமணத்திற்கும் பணம் தேவைப்படாதவர் எத்தனை பேர் இருந்திருக்க முடியும்?

கோடுகள் சில வேளை பலிப்பது ஏன்

இவ்வளவு கூறியபின்னும், நாணயச் சந்தையில் இக்கோடுகளுக்கு விளைவே இல்லை எனக் கூறுவது சரியன்று. இங்கிலாந்து வங்கி 1988-இல் இலண்டன் செலாவணி வணிகரிடம் நடத்திய வினவலைக் கொண்டு டெய்லரும் ஆலனும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை, குறுகிய கால நோக்கில் தொண்ணூறு விழுக்காட்டினர் வரைபட முறைகளுக்கு ஏதேனும் இடம் தருவதாகக் காட்டிற்று. எல்லோரும் ஒரே கோட்டைப் பார்த்தால் ஆணைகள் அங்கே குவியும். குவிந்த ஆணைகள் விலையைச் சற்று நேரம் தடுக்கும். நியூயார்க் மத்திய வங்கிக்காகக் கேரல் ஆஸ்லர் 2000-இல் செய்த ஆய்வில், நிறுவனங்கள் நாள்தோறும் வெளியிட்ட தாங்கு நிலைகளிலும் தடை நிலைகளிலும் அன்றைய விலைப்போக்கு தற்செயலைவிட மிகுதியாகத் தடைப்பட்டது. 2003-இல் அவர் மேலும் ஆராய்ந்து, இலாபம் எடுக்கும் ஆணைகளும் இழப்பு நிறுத்த ஆணைகளும் முழு எண்களையொட்டிக் குவிவதை அதற்கு விளக்கமாகக் காட்டினார்.

இங்கு இரு செய்திகள் கவனத்திற்குரியன. விளைவு ஒரு நாளுக்குள் அடங்குவது. மாதக்கணக்கில் நீடிக்கும் திருப்பத்திற்கு அது சான்றாகாது. மேலும் ஆணைகள் குவிந்தவை முழு எண்களில், 61.8 விழுக்காட்டுக்கென ஒரு தனிச் சிறப்பு அங்கு நிறுவப்படவில்லை. டோ ஜோன்ஸ் குறியீட்டில் பேச்சலரும் ராம்யாரும் 2006-இல் செய்த சோதனை, விலைத் திருப்பங்கள் ஃபிபோனாச்சி விகிதங்களில் மிகுதியாக நிகழ்வதற்குச் சான்று இல்லை என்றே முடிந்தது. பூவிதழ்க் கதையைவிட மனிதர் கூட்டமாகச் செயல்படும் இயல்பே இம்முறைக்கு ஏற்ற விளக்கம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து.

சட்டத்தின் எல்லை

இந்தியாவில் நாணய முன்பேர ஒப்பந்தம் 2008 ஆகஸ்டு 29 அன்று தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் இணைக்குத் தொடங்கப்பட்டது. ஓர் ஒப்பந்தம் ஆயிரம் டாலர். ரூபாயோடு தொடர்புடைய இவ்வொப்பந்தங்களில் ஈடுபடுவோருக்கு உண்மையான செலாவணிப் பொறுப்பு இருத்தல் வேண்டும் என்பதை 2024 ஜனவரி 5 நாளிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி வலியுறுத்தியது. 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் பொறுப்பு இல்லாமலே வணிகம் செய்தல் கூடாது. ஏப்ரலில் நடைமுறைக்கு வரவிருந்த இது 2024 மே 3-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஊக வணிகர் விலகவே சந்தையின் அளவு பெரிதும் சுருங்கியது.

ஆகவே டாலரில் வரவோ செலவோ இல்லாத ஒருவர், கோடு பார்த்து டாலர்-ரூபாய் வாங்கி விற்பதற்கு உள்நாட்டில் முறையான வழி அடைபட்டுவிட்டது. எஞ்சி நிற்பவை ஒப்புதல் பெறாத அயல்நாட்டுச் செயலிகள். அத்தகைய தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் முதல் வெளியிட்டு, பெயர்களைச் சேர்த்து வருகிறது. பட்டியலில் பெயர் இல்லாமையே ஒப்புதலுக்குச் சான்றாகாது என்றும் அது கூறுகிறது. அயல்நாட்டில் விளிம்புத் தொகை கட்டி நாணய வணிகம் செய்யப் பணம் அனுப்புதல் 1999-ஆம் ஆண்டுச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மீறல். தண்டம் தொடர்புடைய தொகையின் மும்மடங்கு வரை செல்லலாம். பணத்தை இழந்தவர் புகார் கொடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது.

முறையான சந்தையிலேயே தனியாள் வணிகரின் நிலை எத்தகையது? செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரை பங்கு முன்பேர, விருப்ப ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனியாட்களுள் 93 விழுக்காட்டினர் இழப்புற்றனர். இது பங்குச் சந்தை பற்றியது. நாணயத்திற்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள இயலாது. ஆனால் கணக்கும் கண்காணிப்பும் உள்ள இடத்திலேயே இந்நிலை எனில், இரண்டும் இல்லாத செயலிகளில் நல்ல முடிவை எதிர்பார்க்க ஏதும் இல்லை.

முந்திரி ஆலைக்காரரின் கணக்கு

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், அதாவது உண்மையான டாலர் பொறுப்பு உள்ளவரிடத்தில், மீள்வு நிலைகள் எவ்வளவு பயன்படும் என்பது எஞ்சிய வினா. விளவங்கோடு வட்டத்து முந்திரி ஆலை ஒன்று மூன்று மாதத்தில் ஒரு லட்சம் டாலர் செலுத்த வேண்டியுள்ளது என்று கற்பனையாகக் கொள்வோம். இது நூறு முன்பேர ஒப்பந்தம். டாலர் 80-இலிருந்து 84-க்கு ஏறி நிற்கிறது. உடனே முழுவதும் உறுதி செய்தால் செலவு 84 லட்சம் ரூபாய். எளிமைக்காக முன்பேரப் பிரீமியத்தை ஒதுக்கிவிடுகிறேன்.

அவர் மீள்வை எதிர்பார்த்து மூன்றில் ஒரு பங்கை 82.47-இலும், ஒரு பங்கை 82-இலும், ஒரு பங்கை 81.53-இலும் வாங்கத் திட்டமிடுகிறார். விலை மூன்றையும் தொட்டால் சராசரி 82. இரண்டு லட்சம் ரூபாய் மிச்சம். முதல் நிலையை மட்டும் தொட்டு 85-க்கு ஏறிவிட்டால், கோடு பலித்தது என்றே பயிற்சியாளர் கூறுவார். ஆலைக்காரரின் சராசரியோ 84.16. உடனே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட ஏறத்தாழ 15,700 ரூபாய் மிகுதி. எந்த நிலையையும் தொடாமல் 87-க்கு ஏறினால் மூன்று லட்சம் இழப்பு. பருப்பு விற்பனையில் கிடைக்கும் இலாபம் மெல்லியது என்பதால், அந்த மூன்று லட்சம் ஒரு பருவத்தின் கூலிக் கணக்கையே தொட்டுவிடும். ஆலைகளில் கொட்டை உடைப்பவரும் தோல் நீக்குபவரும் பெரும்பாலும் பெண்கள்; டாலர் வரைபடத்தில் இடப்படாத கோடு அவர்களுடையது.

இத்தகையவர் செய்யத்தக்கது, முதலிலேயே பெரும்பகுதியை உறுதி செய்துவிட்டு, இழந்தாலும் தொழில் தாங்கக்கூடிய சிறு பகுதிக்கு மட்டும் மீள்வு நிலைகளை வாங்கும் படிகளாகக் குறித்துக்கொள்வதும், எந்தப் படியும் வராவிட்டால் எந்நாளில் எஞ்சியதை வாங்கியே தீர்வது என்று தேதி குறிப்பதும் ஆகும். படிகளுக்கு 38.2, 50, 61.8 என்ற எண்களே வேண்டும் என்பதில்லை, 83, 82.50, 82 என்ற முழு எண்களும் அதே வேலையைச் செய்யும். ஆஸ்லர் கண்ட ஆணைக் குவியலைக் கருதினால் முழு எண்ணுக்குச் சற்று முன்பே வாங்குவது இன்னும் சிறந்தது. துபாயிலிருந்து மாதந்தோறும் அனுப்புபவருக்கு இப்படிகளும் தேவையில்லை. மாத அனுப்புதலே விலையைப் பகிர்ந்துவிடுகிறது. நாகர்கோவிலில் உள்ள குடும்பத்திற்கு எந்தத் தேதியில் பணம் வேண்டுமோ அந்தத் தேதியே அவருக்குரிய நிலை.